செவ்வாய் தவறாமல்

ஜூன் 4, செவ்வாய்

இந்த டைரியை எதற்காகக் கழித்துப் போட்டார்கள் என்று ஐந்து மாதமாகத் தெரியாமல் இருந்தது. இன்று தெரிந்துவிட்டது. ஜூலை 16 முதல் 31 வரையுள்ள பதினாறு பக்க ஃபாரத்தை பைண்டிங்கில் இரண்டு தடவை வைத்துத் தைத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் முதல் பதினாறு நாள் கிடையாது. எனக்கு வருடா வருடம் அச்சகத்தின் கழிசல் டைரிதான். ஒரு வருடம் தீபாவளியே இல்லாத டைரியில் எழுதினேன். ஆனாலும் தீபாவளி வந்தது.

அடுத்த வருடத்துத் தினசரி காலண்டர் புரூஃப் வந்துவிட்டது. குருசாமி அண்ணாச்சி மூலப் பிரதியைச் சத்தமாகப் படிப்பார், நான் புரூஃபைப் பார்த்துக்கொண்டே "சரி" சொல்வேன். நட்சத்திரம், சரி. ராகு காலம், சரி. பதினெட்டு வருடமாக இதே பாட்டு. சிவகாசியில் பிழை போனால் அது நாடு முழுக்கச் சுவரில் தொங்கும் என்பார் அண்ணாச்சி.

காலை பத்து மணிக்கு வந்துவிட்டது. செவ்வாய் தவறாது. பைண்டிங் தனபாக்கியம் என்னைவிட மூன்று வயது சின்னவள், அவளுக்குப் போன வருடமே நின்றுவிட்டது. "ஒனக்கென்னக்கா, நாப்பத்தொம்பதுலயும் கொமரி கணக்கா வருது" என்றாள். தொல்லைதான் போ என்று வெளியே சலித்துக்கொண்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் குளுகுளுவென்றுதான் இருந்தது.

வாங்க: கத்திரிக்காய், சீயக்காய், ரத்த மாத்திரை ஓர் அட்டை.

ஜூன் 9, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து தாரணி பேசினாள். கல்யாணமாகி மூன்று வருடம். குழந்தை இப்போது வேண்டாமென்று மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் போன டிசம்பரோடு நிறுத்தியிருக்கிறாள். இன்னும் ஒன்றும் தங்கவில்லை என்று டாக்டரிடம் போனால், ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இருபத்தெட்டு வயதுக்கு முட்டை இருப்பு குறைவாகக் காட்டுகிறது என்று சொன்னார்களாம்.

ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு கட்டம்: தாய்க்கு மாதவிடாய் நின்ற வயது. தாய்க்கு எப்படியோ, பல சமயம் மகளுக்கும் அப்படியாம்.

"இன்னும் நிக்கலைன்னு எழுது. போன செவ்வாக்கெழமைகூட வந்துச்சு. நம்ம வம்சத்துல அம்பது வரைக்கும் ஓடும்" என்றேன். அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அப்படியென்றால் பயமில்லை என்றாள்.

அடுத்த கட்டம், தாய் ஹார்மோன் மாத்திரை ஏதும் எடுத்துக்கொள்கிறாரா என்று. ரத்த மாத்திரை மட்டும்தான் என்றேன். அது அயர்ன், அது கணக்கில் வராது என்று அவளே இல்லை போட்டுக்கொண்டாள்.

ஜூன் 10, திங்கள்

கத்திரிக்காய் கசப்பு. என் வீட்டுக்காரர் மோரை ஊற்றித் தின்றுவிட்டார்.

ஜூன் 14, வெள்ளி

ஒரே யோசனை. தாரணிக்கு நான் எத்தனை தடவை தள்ளிப்போடும் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறேன்? கோயில் பொங்கலுக்கு, பிளஸ் டூ பரீட்சைக்கு, என் கொழுந்தன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு. விரல் விட்டு எண்ணினால் பதினொன்று. தள்ளிப்போட்டதெல்லாம் எங்கே போகும்? கோபத்தில் திரும்பி வந்து மொத்தத்தையும் சீக்கிரம் முடித்துவிடுமா? அல்லது தள்ளிப்போட்ட மாதமெல்லாம் மிச்சமாகிக் கடைசியில் சேர்ந்துகொள்ளுமா? முட்டை வெளியே வராவிட்டால் அது உள்ளேதானே இருக்க வேண்டும்?

யாரிடம் கேட்பது? அண்ணாச்சியிடமா கேட்க முடியும்.

ஜூன் 27, வியாழன்

இன்று நல்ல வேட்டை. அண்ணாச்சி மூலத்தைப் படிக்குமுன் புரூஃபின் மூன்று மாதங்களைச் சும்மா புரட்டினார். உடனே கண்ணாடியைக் கழற்றிவிட்டார். மூன்று அமாவாசையும் வியாழக்கிழமையில் விழுந்திருந்தன.

"ஏம்மா ராணி, அமாவாச என்னைக்காச்சும் தொடந்து ஒரே கெழமையில வருமா? நிலா ஒரு மாசம் கூடும், ஒரு மாசம் கொறையும். உசுரோட இருக்கது அப்பிடித்தான் வரும். ஒரே கெழமையில வந்தா அது வானத்துல வந்தது இல்ல. பய கம்ப்யூட்டர்ல காப்பி பண்ணி ஒட்டியிருக்கான்."

மூலத்தோடு ஒப்பிட்டோம். அவர் சொன்னது சரிதான், மூலத்தில் கிழமை வேறு. டி.டி.பி. பையன் தலையைச் சொறிந்தான். சிரித்துக்கொண்டே திருத்தினேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை, ஏனென்று தெரியவில்லை.

ஜூலை 1, திங்கள்

அச்சகத்தில் வேகாடு. ரவிக்கை முதுகில் ஒட்டிக்கொண்டது. இரண்டு தடவை முகம் கழுவினேன். தனபாக்கியம் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கரண்ட் இருந்தது, ஃபேனும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஜூலை 2, செவ்வாய்

வந்துவிட்டது. பத்து மணி.

சோற்றை வடித்துவிட்டு டைரியைப் பின்னால் புரட்டினேன். ஜூன் 4, செவ்வாய். மே 7, செவ்வாய். ஏப்ரல் 9, மார்ச் 12, பிப்ரவரி 13, எல்லாம் செவ்வாய். ஜனவரி 16, மாட்டுப்பொங்கல், அதுவும் செவ்வாய். ஒரு நாள் கூடவில்லை, ஒரு நாள் குறையவில்லை. பதினெட்டு வருடமாகப் பிழை பார்ப்பவள் நான். உயிரோடு இருப்பது அப்படியா வரும்?

எழுதிவிடுகிறேன். என் முப்பத்தேழாவது வயதில் உதிரப்போக்கு அதிகமாகி அச்சகத்திலேயே மயங்கி விழுந்தேன். அப்போதிருந்த டாக்டரம்மா ஓர் அட்டை எழுதிக் கொடுத்தார். வெள்ளை இருபத்தொன்று, பழுப்பு ஏழு. பழுப்பில் இரும்புச் சத்துதான் இருக்கிறது என்றார். வெள்ளையைப் பற்றியும் சொன்னார்: இது குழந்தை வேண்டாதவர்கள் சாப்பிடுவதுதான், உங்களுக்குப் போக்கை அடக்கக் கொடுக்கிறேன். கர்ப்பத்தடை மாத்திரையைப் அஞ்சறைப் பெட்டி மாதிரி நடு அடுக்களையில் வைக்க முடியுமா? மாமியார் இருந்தார், தாரணி வளர்ந்துகொண்டிருந்தாள். பழுப்பைக் காட்டி, ரத்த மாத்திரை என்று பெயர் வைத்தேன். மருந்துக்கடைக்காரரும் நான் அப்படிக் கேட்டால் இந்த அட்டையைத்தான் எடுத்துத் தருவார். பிறகு அந்த டாக்டரம்மா ஊரைவிட்டுப் போய்விட்டார். அட்டை மட்டும் பன்னிரண்டு வருடமாக நிற்கவில்லை. எனக்கே அது ரத்த மாத்திரை ஆகிவிட்டது.

ஞாயிறு பழுப்பு தொடங்கும். மூன்றாம் நாள் செவ்வாய்.

ஜூலை 6, சனி

விருதுநகரில் டாக்டர் மெஹருன்னிசாவைப் பார்த்தேன். இவரிடம் கண் பரிசோதனை என்று சொல்லிவிட்டுப் போனேன். அட்டையை மேசையில் வைத்ததும், எத்தனை வருடம், யார் சொல்லி, கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தீர்கள் என்று அடுக்கினார். நூற்று ஐம்பத்து நான்கு இருந்தது. இந்த வயதில், இந்தப் பிரஷரில், கேட்பாரில்லாமல் இதைத் தின்றுகொண்டிருந்தீர்களா என்று நன்றாகத் திட்டினார். வாங்கிக் கட்டிக்கொண்டேன். நாளையிலிருந்து அடுத்த அட்டை கிடையாது. இன்னும் முழுசாக நின்றதா என்று தெரியாததால் வேறு பாதுகாப்பு வேண்டும் என்றார். எட்டு மணிக்கெல்லாம் குறட்டை விடுகிற மனிதர் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.

பிறகு என் கேள்விகளைக் கேட்டேன். தாளில் எழுதிக் கொண்டு போயிருந்தேன், ஏழு. அதைப் பார்த்ததும் அவர் முகம் இளகிவிட்டது. மாத்திரையில் வருவது நிஜமான மாதவிடாயே இல்லையாம். வெள்ளையை நிறுத்திப் பழுப்புக்குப் போனதும் மருந்து இறங்குகிறது, அதனால் கசிகிறது. உள்ளே முட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அட்டை சொன்ன நாளில் வரும். பழுப்பு வாரத்தில் குப்பென்று வேர்க்குமா என்று அவரே கேட்டார். ஆச்சரியமாக இருந்தது. நின்றுபோனவர்களுக்கு வரும் வேர்வை, மருந்து இல்லாத அந்த வாரத்தில்தான் வெளியே தெரியுமாம்.

அப்படியானால் முட்டை மிச்சமாகாதா என்றேன்.

"பூக்காரம்மா கூடையில ஒரு முழம் வித்தாலும் விக்காட்டாலும் சாயங்காலம் மிச்சப் பூ வாடத்தானே செய்யும்? முட்டையும் அப்படித்தான், தினம் கொஞ்சம் போயிட்டே இருக்கும். மாத்திரை அந்த ஒண்ணு வெளிய வர்றதை மட்டும்தான் நிறுத்துது. முடிவைத் தள்ளியும் போடாது, இழுத்துட்டும் வராது. மறைக்கும், அவ்வளவுதான்."

தாரணிக்குக் கொடுத்த பதினொன்றும்கூட அப்படித்தான், அதனால் ஒன்றும் கெடவில்லை என்றார். அந்த இடத்தில் அழுதுவிட்டேன்.

எனக்கு எப்போது நின்றது என்று கேட்டேன். இன்னும் நிற்காமலே இருக்கலாம், போன வருடம் நின்றிருக்கலாம், நாற்பதிலேயே நின்றிருக்கலாம், அட்டைக்குள்ளே நடந்தது அட்டைக்குத்தான் தெரியும் என்றார். ஆறு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை. அதுவும் இப்போதைய நிலையைத்தான் சொல்லும், பழைய தேதியைச் சொல்லாது.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. தாரணி படிவத்தின் அந்தக் கட்டம் கண் முன்னாலேயே இருந்தது. ரிசல்ட் வரட்டும், சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 7, ஞாயிறு

புது அட்டையைப் பிரிக்கவில்லை. அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

ஜூலை 14, ஞாயிறு

தாரணி பேசினாள், குரலில் உற்சாகம். மாப்பிள்ளைக்கு ஜெர்மனி வேலை உறுதியாகிவிட்டதாம். ஒரு வருடம். ஆகஸ்ட் 22 கிளம்புகிறார். இவள் பேங்க் வேலையை விட்டுவிட்டுப் போக முடியாது. குழந்தைக்கு முயற்சி செய்வதா, ஒரு வருடம் பொறுப்பதா என்று டாக்டர் முடிவை இவர்கள் கையில் விட்டிருக்கிறார். "நீ அன்னைக்கு அம்பது வரைக்கும் ஓடும்னு சொன்னேல்ல, அதான் தைரியமா அனுப்புறேன்" என்றாள்.

ரசம் பொங்கிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ரசம் இல்லை.

ஜூலை 16, செவ்வாய்

இந்தப் பக்கம் இன்னொரு தடவை வரும்.

ஜூலை 21, ஞாயிறு

சாத்தூர் போய் சீனியம்மா சித்தியைப் பார்த்தேன். அம்மாவின் தங்கை. அம்மா நாற்பத்தாறு வயதில் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். அவளிடம் இதெல்லாம் கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. "நம்ம வம்சத்துல" என்று தாரணியிடம் அடித்துவிட்டேனே, வம்சத்தில் எனக்குத் தெரிந்தது என் ஒருத்தியைத்தான்.

அம்மாவுக்கு எப்போது நின்றது என்று நேரே கேட்டேன். சித்தி, அதையெல்லாம் யார் கணக்கு வைத்தது, அந்தக் காலத்தில் வாய்விட்டுச் சொல்வோமா என்றாள். கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். தெருவில் ஆடிப் பொங்கலுக்குக் கொட்டுச் சத்தம். அம்மனுக்கு வளர்க்கும் முளைப்பாரி இந்த வருடம் நன்றாக வளர்ந்திருக்கிறதா என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"என்னத்த வளந்துச்சு. ஒங்கம்மா தண்ணி ஊத்துன காலத்துல இடுப்பு ஒசரம் நிக்கும். ஏழெட்டு வருசம் அவதான பாத்தா. பாரி வளக்குற முளை வீட்டுக்குள்ள நின்னுபோனவதான் போகணும்னு சட்டம். மத்தவுகளுக்கு வாசலோட சரி."

காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அம்மா ஈரச் சேலையோடு முளை வீட்டிலிருந்து வெளியே வந்து கையில் பிரம்பை எடுக்காத குறையாக, போய்ப் படி என்று விரட்டுவாள். நான் அப்போது பத்தாம் வகுப்பு. அது எந்த வருடம் என்று எனக்குச் சந்தேகமே கிடையாது, மார்க் ஷீட் பெட்டியில் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் நின்று அதிலிருந்து அம்மா பிறந்த வருடத்தைக் கழித்துப் பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன்.

அம்மாவுக்கு அப்போது முப்பத்தெட்டு.

ஊரே பார்க்க முளை வீட்டுக்குள் போய் வந்திருக்கிறாள். நான் ஒருத்திதான் அதைப் படிக்கவில்லை.

ஜூலை 24, புதன்

பரணிலிருந்து பழைய டைரிகளை இறக்கினேன். இவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, எடைக்குப் போடவா என்றார். பிழை பார்க்க என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார், நல்ல மனுசன்.

வேர்வை, வேகாடு, புழுக்கம் என்று எழுதிய இடமெல்லாம் சிவப்பு மையில் சுழித்தேன். சித்திரை மட்டுமில்லை, மார்கழியிலும் இருக்கிறது. "பனி கொட்டுகிறது, எனக்கு மட்டும் வேர்க்கிறது, பெரிய மிஷின் பக்கம் உட்கார்ந்ததால் இருக்கும்." எல்லாமே அந்தச் செவ்வாயை ஒட்டி, ஞாயிறு முதல் சனி வரையுள்ள பழுப்பு வாரம். முதல் சுழி எங்கே இருக்கிறது என்று பின்னோக்கிப் போனேன். தீபாவளி இல்லாத அந்த டைரியில். எனக்கு அப்போது நாற்பது முடிந்து இரண்டு மாதம்.

டாக்டருக்கு போன் போட்டுச் சொன்னேன். ருசு என்று சொல்ல முடியாது, ஆனால் உங்கள் மகளின் டாக்டர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். சொல்லிவிட்டீர்களா என்றும் கேட்டார். இன்று சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 25, வியாழன்

தாரணிக்கு வேலை இருக்கும். ஞாயிறு பேசலாம்.

ஜூலை 28, ஞாயிறு

மாப்பிள்ளைக்கு ஸ்வெட்டர் வாங்கினார்களாம். எந்தக் கலர் என்று கேட்டேன். கத்தரிப்பூ கலர்.

ஜூலை 30, செவ்வாய்

பத்து மணி. பதினொன்று. சாப்பாட்டு மணி அடித்தது. வரவில்லை.

வேர்வை மட்டும் நாள் முழுக்க. பன்னிரண்டு வருடத்தில், வர வேண்டிய நாளில் வராத முதல் செவ்வாய். தனபாக்கியத்திடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் தன் டப்பாவிலிருந்த கொய்யாப்பழத்தில் பாதியை எனக்குக் கொடுத்தாள்.

~~ஜூலை 18~~ ஆகஸ்ட் 3, சனி

இங்கிருந்து அச்சிட்ட தேதியை அடித்துவிட்டு எழுத வேண்டும்.

ஆடிப்பெருக்கு. புதுக் காலண்டருக்குப் பூஜை. ஊர் முழுக்க இன்றைக்குத்தான் அடுத்த வருடம் பிறக்கும். சந்தனம் தடவிய முதல் பிரதியைக் கையில் கொடுத்தார்கள். வழக்கம்போல எங்கேயோ ஒரு பக்கத்தைப் பிரித்தேன். கார்த்திகை விரதம் ஒரு நாள் முன்னால் விழுந்திருந்தது. நான் "சரி" சொன்ன பக்கம்.

முதலாளி வெளியூர் ஏஜெண்டுகளோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நேரே போய், ஒரு பிழை விட்டுட்டேன் முதலாளி என்று காட்டினேன். அவர் முகம் சுண்டிவிட்டது. மாதிரிப் பிரதிதானே, பெரிய ஓட்டத்துக்கு முன்னால் பிளேட்டை மாற்றிவிடலாம், நல்ல வேளை இன்றே சொன்னாய் என்றார். அண்ணாச்சி, தான்தான் சரியாகப் படிக்கவில்லை என்று முன்னால் வந்தார். இல்லை, அவர் சரியாகத்தான் படித்தார்.

பிழை கண்டதிலிருந்து சொன்னது வரை பத்து நிமிடம்கூட இருக்காது. யோசிக்கவே இல்லை, கால் தானாகப் போனது.

தாரணி படிவத்தில் நான் விட்ட பிழை தெரிந்து இன்றோடு இருபத்தெட்டு நாள். ரிசல்ட் வரட்டும், ஞாயிறு வரட்டும். எதற்காகக் காத்திருந்தேன்? கொமரி கணக்கா வருது என்று ஒருத்தி சொன்னது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. வெட்கமாக இருக்கிறது.

~~ஜூலை 19~~ ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலை ஏழு மணிக்கே போன் போட்டேன். எடுத்ததும், எழுத ஒரு பேனா எடு என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். ரத்த மாத்திரை என்ன மாத்திரை, செவ்வாய் ஏன் தவறவில்லை, அவள் ஆச்சி எந்த வயதில் முளைப்பாரிக்குத் தண்ணீர் ஊற்றினாள், என் நாற்பதாவது வயது டைரி. லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை கேட்டேன்.

"இது ஒனக்கு எப்பம்மா தெரியும்?"

போன மாதம் ஆறாம் தேதி என்றேன்.

"ஒரு மாசம். ஸ்வெட்டர் கலர் கேட்டியேம்மா."

ஆமாம், கேட்டேன். தப்பு என்னுடையது என்றேன். அவள் அழுதாள். நான் வைக்கவில்லை, ரசம் ஏதும் பொங்கவில்லை. மாப்பிள்ளை பின்னால் என்ன என்ன என்று கேட்பது காதில் விழுந்தது. அவள் அவரிடம் சொல்வதும் விழுந்தது. பிறகு நாற்காலி இழுக்கும் சத்தம், தாள் சத்தம்.

அந்தப் படிவத்தின் நகல் அவளிடம் இருந்தது. நான் வாசிக்கிறேன், நீ பார்த்துச் சொல் என்றாள். சின்ன வயதில் அச்சகத்துக்கு வந்து எங்கள் மேசைக்கு அடியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.

தாயின் வயது, நாற்பத்தொன்பது. சரி என்றேன்.

தாய் எடுத்துக்கொண்ட ஹார்மோன் மாத்திரை, பன்னிரண்டு வருடம். சரி.

தாய்க்கு மாதவிடாய் நின்ற வயது?

"தெரியாதுன்னு எழுது. பக்கத்துல, நாப்பதா இருக்கலாம்னு எழுது."

எழுதினாள். தாயின் தாய்க்கு?

"முப்பத்தெட்டு. இல்ல, அதுக்கும் முன்னால. முப்பத்தெட்டுல முளை வீட்டுக்குள்ள போயிட்டா."

அதையும் எழுதினாள். பிறகு, "எனக்கு இருபத்தெட்டு. அப்போ பத்து வருசம் இருக்காம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அவள் இன்று நன்றாகச் சாப்பிடுவாள். நாக்கு நுனி வரை வந்தது.

"தெரியாது தாரணி. இனிமே என் வாய்ல இருந்து வருசக் கணக்கு வாங்காத. நாளைக்கே டாக்டர்ட்டப் போ, ரெண்டு பேரும் போங்க."

மாப்பிள்ளை போனை வாங்கினார். நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன், ஜெர்மனியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் அத்தை என்றார். மறுபடி தாரணி வந்தாள். கோபம் இன்னும் குரலில் இருந்தது, இருக்கட்டும்.

"மொத்தத்தையும் இன்னொரு தடவை வாசிக்கேன். இந்தத் தடவை ஒழுங்காப் பாத்துட்டுச் சரி சொல்லு."

முதல் கட்டத்திலிருந்து வாசித்தாள். ஒவ்வொன்றுக்கும் யோசித்த பிறகுதான் சரி சொன்னேன்.